பேட்டரி புதுசு, பல்பு புதுசு, ஹெட்லைட்டு மட்டும் ஏன் மஞ்சளா எரியுது?

தாராபுரத்துல இருந்து காங்கேயம் வர்ற ரோட்டுல பொழுது எறங்கின பொறவு வண்டி ஓட்டியிருக்கீங்களா? ரெண்டு பக்கமும் கொறங்காடு, கிளுவை வேலி, வெளக்குன்னு பார்த்தா தூரத்துல கரண்டு எடுக்கற காத்தாடி மேல மினுக்குற செவப்பு லைட்டு மட்டுந்தான். அந்த ரோட்டுல என்ற மாமனோட பழைய டீசல் கார்ல வந்துட்டு இருந்தோமுங்க, ஹெட்லைட்டு எரியலைன்னு சொல்ல முடியாது, எரியுது, ஆனா சீமெண்ணெய் வெளக்காட்டம் மஞ்சளா கொஞ்ச தூரத்துக்கு மேல வெளிச்சமே போகல, எதுக்க பஸ்ஸு வந்தா நம்ம லைட்டு இருக்கறதே தெரியல. மாமன் அதுக்கு முந்தின மாசந்தான் புது பேட்டரி போட்டிருந்தாரு. அதுவும் பத்தலைன்னு யாரோ சொன்னாங்கன்னு 100 வாட்ஸ் பல்பு ஒரு ஜோடி வாங்கி மாட்டி, ஒரு பக்கம் ஹோல்டர் உருகி, திரும்ப பழைய 60/55 வாட்ஸ் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) பல்புக்கே வந்து சேர்ந்திருந்தாரு. "ஏன் மாப்ள, பேட்டரியும் மாத்தியாச்சு பல்பும் மாத்தியாச்சு, இனி என்ன வண்டியவே மாத்தறதா"ன்னு கேக்கறாரு.

நான் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைல வேலை பாக்கறவனுங்க, காலைல இருந்து பொழுதோட வரைக்கும் 415 வோல்ட்டுலயே கெடக்கறவனுக்கு 12 வோல்ட்டுன்னா ஒரு எளக்காரம், அதுல என்ன இருந்துறப் போகுதுன்னு. அங்கதான் தப்பு பண்ணுனேன். வீட்டுக் கரண்டுல 230ல ரெண்டு வோல்ட்டு கொறைஞ்சா ஒரு சதவீதங்கூட இல்ல, யாருக்கும் தெரியாது. 12ல ரெண்டு வோல்ட்டு கொறைஞ்சா கிட்டத்தட்ட 17 சதவீதம். அதுமில்லாம ஒரே வாட்ஸுக்கு 12 வோல்ட்டுல ஆம்பியர் எகிறும், 110 வாட்ஸ் வீட்டுல எரிஞ்சா அரை ஆம்பியர்கூட இழுக்காது, கார்ல அதே 110 வாட்ஸுக்கு, அதாவது டிம்முல எரியற ரெண்டு பல்புக்கு, ஒம்பது ஆம்பியருக்கு மேல ஓடணும். வோல்டேஜ் கொஞ்சம், ஆம்பியர் நெறைய, அதனாலதான் கார் ஒயரிங்ல சின்ன சின்ன விசயமெல்லாம் பெருசாத் தெரியுது.

சரி, அந்த மஞ்சள் வெளிச்சத்துக்குக் காரணம் வோல்டேஜ் டிராப்பு. அப்படின்னா என்ன. தோட்டத்துல சொட்டுநீர் போட்டிருக்கறவங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும், பேருதான் வேற. மோட்டார்கிட்ட பிரஷர் நல்லா இருக்கும், லைன் நீளமாகி, பைப்பு சின்னதாகி, நடுவுல ஒரு பில்டர்ல பாசி அடைச்சுக்கிச்சுன்னா கடைசித் தென்னைக்கு சொட்டுத் தண்ணி வராது. பிரஷர் எங்கயும் ஓட்டையாகி வெளிய போகல, வர்ற வழியிலயே உராஞ்சு உராஞ்சு தீர்ந்து போச்சு. ஒயர்லயும் அப்படித்தான், கரண்டு ஓடறதுக்கு ஒயரும் ஜாயிண்டும் சுவிட்சும் கொஞ்சங் கொஞ்சம் தடை குடுக்குது, அந்தத் தடையத் தாண்டறதுக்கு வோல்டேஜ்ல ஒரு பங்கு செலவாகுது, செலவான பங்கு அந்த எடத்துலயே சூடா மாறுது, மிச்சந்தான் பல்புக்கு. எவ்வளவு செலவாகும்னா, ஓடற ஆம்பியரையும் அந்தத் தடையையும் பெருக்குனா வர்றதுதான். ஓம் அப்படிங்கற ஜெர்மன்காரர் 1827ல புஸ்தகமாவே போட்டுட்டாரு, நாம பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு மறந்த அதே ஓம் விதி.

இந்தப் பெருக்கல்ல இருக்கற ஒரு விசயத்தத்தான் முக்கால்வாசிப் பேரு கவனிக்கறதில்லைங்க. ஆம்பியர் ஓடலைன்னா டிராப்பும் இல்ல. பூஜ்யத்த எதோட பெருக்குனாலும் பூஜ்யந்தானே. பைப்போட கடைசியில கேட் வால்வ மூடி வெச்சுட்டு கேஜ் மாட்டிப் பாருங்க, நடுவுல எவ்வளவு அடைப்பு இருந்தாலும் முழு பிரஷர் காட்டும், வால்வத் தொறந்தாத்தான் வண்டவாளம் தெரியும். அதே மாதிரி பல்பக் கழட்டிட்டு ஹோல்டர்ல மீட்டர் வெச்சா 12.6 காட்டும், "கரண்டு நல்லா வருதே, பல்புதான் போச்சு"ன்னு முடிவு பண்ணி புது பல்பு வாங்கிட்டு வருவோம். மாமன் வண்டியில மொதல்ல பார்த்தவரும் அதத்தான் பண்ணியிருக்காரு. ஒயரு அத்துப் போகாம இருக்குதான்னு பீப் சத்தம் வெச்சுப் பாக்கற கன்டினியூட்டி செக்கும் இதுக்கு ஆகாது, முப்பது இழை இருக்கற ஒயர்ல இருபத்தொம்பது அத்துப் போயி ஒரே ஒரு இழை தொட்டுட்டு இருந்தாக்கூட மீட்டர் பீப்புன்னு சந்தோசமாக் கத்தும். ஒரு பொடி இழை மீட்டருக்குப் போதும், ஒம்பது ஆம்பியருக்குப் போதுமா? ஓம்ஸ்ல வெச்சு அளக்கலாமேன்னா, நாம தேடற தடை 0.1, 0.2 ஓம், நம்மகிட்ட இருக்கற நானூறு ஐநூறு ரூபா மீட்டரோட ரெண்டு ஒயரத் தொட்டு வெச்சாலே அந்த அளவு காட்டும், அப்புறம் எங்க கண்டுபுடிக்கறது. அதனால லைட்ட எரிய விட்டுத்தான் அளக்கணும், வேற வழி இல்ல.

அளக்கறதுக்கு முன்னாடி, ரெண்டு வோல்ட்டு போனா அவ்வளவு இருட்டாகுமான்னு ஒரு சந்தேகம் வருமுல்ல. ஆகும். ஹாலஜன் பல்புல வோல்டேஜ் எந்த அளவு கொறையுதோ வெளிச்சம் அதே அளவு கொறையறதில்ல, அதுக்கு நொம்ப மேல கொறையும், சுமார் 3.4 அடுக்குல எறங்குதுன்னு கணக்கு. அஞ்சு சதவீத வோல்டேஜ் போனா பதினாறு சதவீத வெளிச்சம் போகும், பத்து போனா முப்பது போகும், இருபது போனா பாதிக்கு மேல காலி. இழை நல்லாச் சூடாகாததுனால நெறமும் வெள்ளைல இருந்து மஞ்சளுக்கு எறங்கிரும், அந்த சீமெண்ணெய் வெளக்குக் கலரு அதுதான். சும்மா ஒரு தகவலுக்குச் சொல்றேன், வோல்டேஜ் அஞ்சு சதவீதம் கூடினா பல்போட ஆயுசு ஏறக்கொறைய பாதியாயிரும், அதனால கூட்டிக்கிட்டே போறதும் நல்லதில்ல.

இப்ப மாமன் வண்டி. ஞாயித்துக்கெழமை சாளையில, அதாவது தோட்டத்து வீட்டுல வெச்சு பானெட்டத் தொறந்தோம். இஞ்சின ஸ்டார்ட் பண்ணி, டிம் லைட்டப் போட்டு, மீட்டர டிசி 20 வோல்ட்டுல வெச்சுக்கிட்டேன். பேட்டரியோட ரெண்டு முனையிலயும் மீட்டர் வெச்சா 13.9. இஞ்சின் ஓடும்போது 12 வோல்ட்டு பேட்டரியில அப்படித்தான் காட்டணும், நல்லா இருக்கு. ஹெட்லைட்டு ஹோல்டர் பின்னாடி ஒயர்ல பின்னு குத்தி பல்போட ரெண்டு பக்கமும் அளந்தா 10.8. நடுவுல 3.1 வோல்ட்டக் காணோம். கணக்குப் போட்டா பல்பு குடுக்க வேண்டிய வெளிச்சத்துல பாதிகூடக் குடுக்கல. புது பேட்டரி பாவம் அது வேலைய அது சரியாத்தான் பாக்குது, வழியில எவனோ புடுங்கிக்கறான்.

எவன்னு கண்டுபுடிக்க மீட்டரக் குறுக்க வெக்கறத விட்டுட்டு, ஒயரோட நீளவாக்குல வெக்கணும். மீட்டர் ஒயரோட செவப்பு முள்ள பேட்டரி பிளஸ்ல, கருப்பு முள்ள பல்போட பிளஸ்ல. ரெண்டும் பிளஸ்தானே, பூஜ்யம் காட்ட வேண்டியதுதானேன்னு தோணும், லைட்டு எரியும்போது காட்டாது, அந்த வழியில எவ்வளவு செலவாகுதோ அதத்தான் காட்டும். எங்களுக்கு 1.3 காட்டுச்சு. அடுத்து பல்போட எர்த்துல ஒரு முள்ளு, பேட்டரி மைனஸ்ல ஒரு முள்ளு, 1.8 காட்டுச்சு. ரெண்டையும் கூட்டுனா 3.1, கணக்கு நேராச்சு. போற வழிய விட திரும்பி வர்ற வழியிலதான் பெரிய திருடன்.

எர்த்தப் பத்தி இங்க கொஞ்சம் சொல்லியாகணுமுங்க. கார்ல பிளஸ்ஸுக்குத்தான் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஒயரு, திரும்பி வர்றதுக்கு வண்டியோட இரும்பு பாடியவே ஒயரா வெச்சிருப்பாங்க. பல்புல இருந்து ஒரு கருப்பு ஒயரு வரும், பக்கத்துல எங்கயாவது தகடோட ஒரு போல்ட்டுல முறுக்கியிருக்கும், அவ்வளவுதான் எர்த்து. ஒயர் முனையில இருக்கற வளையம், அதாவது லக்கும் தகடும் சுத்தமா இரும்போட இரும்பு தொடற வரைக்கும் பிரச்சனை இல்ல. மழைத்தண்ணி பட்டு, துரு ஏறி, நடுவுல ஒரு காய்தக் கனத்துக்கு துருப்பொடி சேர்ந்தாப் போச்சு. அத விடக் கொடுமை டிங்கரிங் பெயிண்டிங். வண்டிய புதுசா அடிக்கறேன்னு அந்த போல்ட்டு எடத்துலயும் பளபளன்னு பெயிண்ட அடிச்சு, அதுக்கு மேல லக்க வெச்சு முறுக்கிருவாங்க, பெயிண்டு கரண்டக் கடத்துமா, போல்ட்டோட மரை வழியா ஏதோ கொஞ்சம் ஓடிட்டு இருக்கும். மாமன் வண்டியில அதான் கதை. ரேடியேட்டருக்குப் பக்கத்துல ரெண்டு ஹெட்லைட்டு எர்த்தும் ஒரே போல்ட்டுல சேர்ந்திருந்துச்சு, வெளிய இருந்து பார்த்தா அழகா பெயிண்டு, கை வெச்சா அந்த போல்ட்டு சுடுது. 1.8 வோல்ட்டு, எட்டரை ஆம்பியர், பெருக்கிப் பாருங்க, பதினஞ்சு வாட்ஸ் அந்த ஒத்த போல்ட்டுலயே வெந்துட்டு இருந்திருக்கு. பத்து நம்பர் ஸ்பேனர் போட்டுக் கழட்டுனா லக்குக்கு அடியில செம்மண்ணாட்டம் துரு கொட்டுச்சு.

மீட்டரே இல்லாதவங்க ஒரு வேலை பண்ணலாம். கனமான ஒயர் ஒண்ண எடுத்து ஒரு முனைய பேட்டரி மைனஸ்ல புடிச்சுக்கிட்டு, இன்னொரு முனைய ஹெட்லைட்டோட எர்த்து லக்குல தொட வைங்க, லைட்டு எரியட்டும். தொட்டதும் வெளிச்சம் பளிச்சுன்னு ஏறுனா எர்த்துதான் பிரச்சனை, ஏறலைன்னா பிளஸ் பக்கம் பாருங்க. இத பிளஸ் பக்கம் பண்ணிப் பார்க்காதீங்க, பியூஸ் இல்லாத ஒயரு தெரியாம பாடியில பட்டுச்சுன்னா நெருப்புதான்.

போல்ட்டுக்கு அடியில உப்புக்காய்தம் போட்டு இரும்பு மின்ற வரைக்கும் தேச்சு, லக்க மாத்தி, முறுக்கி, மேல வேசலினத் தடவிட்டோம். எர்த்து பக்க டிராப்பு 1.8ல இருந்து 0.1க்கு வந்துருச்சு. செலவு அந்த லக்கும் உப்புக்காய்தமுந்தான். ஆனா ஒண்ணக் கவனிச்சீங்கன்னா பிளஸ் பக்கம் 1.3 இருந்தது 1.4 ஆயிருச்சு, ஏன்னா இப்ப பல்புக்கு வோல்டேஜ் கூடி ஆம்பியரும் கூடி ஓடுது, ஆம்பியர் கூடுனா டிராப்பும் கூடும். 100 வாட்ஸ் பல்பு போட்டும் ஏன் பிரயோஜனம் இல்லைன்னு இப்பத் தெரியுதா? அது அதிக ஆம்பியர் கேக்கும், வழியில இன்னும் அதிகமா வோல்டேஜ் போகும், போனதெல்லாம் சூடா மாறி ஹோல்டர உருக்கும். சாணிய மிதிச்ச காலோட வீடு பூராம் நடந்த மாதிரி.

பிளஸ் பக்கம் அந்த 1.4 எங்க போகுதுன்னா, பழைய வண்டிகள்ல ஹெட்லைட்டு கரண்டு பூராவும் பேட்டரியில கெளம்பி, பியூஸ் பெட்டிக்குப் போயி, ஸ்டேரிங்குப் பக்கத்துல இருக்கற சுவிட்சுக்குப் போயி, மறுபடி முன்னாடி ஹெட்லைட்டுக்கு வரும். பொள்ளாச்சியில இருந்து உடுமலை போறதுக்கு கோயமுத்தூர் சுத்திப் போற மாதிரி. அந்த ஒயரு ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு, அஞ்சு மீட்டர் நீளம்னு வைங்க, தடை சுமார் 0.09 ஓம் வரும், ஒம்பது ஆம்பியருக்கு 0.8 வோல்ட்டு ஒயர்லயே போச்சு. மிச்சம் சுவிட்சுக்குள்ள கருகின பாயிண்டுலயும் பியூஸ் கிளிப்புலயும். இதுக்கு வைத்தியம் ரிலே. சாளையில 7.5 எச்பி மோட்டார நாம கையால சுவிட்சு போட்டா ஓட்டறோம், ஸ்டார்ட்டர்ல ஒரு பச்சை பட்டன அமுக்கறோம், உள்ள காயில் இழுத்து பெரிய பாயிண்டு ஒட்டுது, அதே தத்துவந்தானுங்க. ஸ்டேரிங் சுவிட்சுல இருந்து வர்ற பழைய ஒயரு ரிலே காயிலுக்கு மட்டும் போகும், அது இழுக்கறது கால் ஆம்பியர்கூட இருக்காது, அதனால அந்த நீள ஒயர்ல டிராப்பும் இருக்காது. பேட்டரியில இருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரு நேரா ரிலேக்கு, ரிலேல இருந்து நேரா பல்புக்கு.

ரிலேவத் திருப்பிப் பார்த்தா நாலு கால்லயும் நம்பர் அடிச்சிருக்கும். 85ம் 86ம் காயிலு, 30 பேட்டரியில இருந்து வர்றது, 87 பல்புக்குப் போறது. டிம்முக்கு ஒண்ணு பிரைட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரிலே வேணும். பேட்டரிகிட்டயே, ஒரு சாண் தூரத்துக்குள்ள, பியூஸ் கண்டிப்பா வேணும். இதத் தவிர்க்கவே கூடாது, ஒயர் மிச்சம் புடிக்கறேன்னு பியூஸ் இல்லாம ஒட்டவெச்சு வண்டி எரிஞ்ச கதையெல்லாம் நெறைய இருக்கு. இன்னொன்னு, எல்லா வண்டியிலயும் சுவிட்சு பிளஸ் பக்கந்தான் இருக்கும்னு நெனச்சுக்காதீங்க, ஜப்பான் டிசைன்ல வந்த பல வண்டிகள்ல பல்புக்கு பிளஸ் நேரா வந்துரும், சுவிட்சு எர்த்து பக்கம் இருக்கும். அதுல போயி நான் சொன்ன மாதிரி எர்த்த பாடியில தேடுனா கெடைக்காது, அந்த வண்டிக்கு ஏத்தது இல்லாத ரிலே செட்ட மாட்டுனாலும் வேலை செய்யாது. சந்தேகமா இருந்தா ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியன்கிட்ட வயரிங்கப் பார்க்கச் சொல்லிருங்க, இதுல வெக்கப்படறதுக்கு ஒண்ணுமில்ல.

ரிலே போட்ட பொறவு பிளஸ் பக்கம் 0.3, எர்த்து பக்கம் 0.1, பல்புல 13.5. பொதுவா எர்த்து பக்கம் 0.2க்கு உள்ளயும் ரெண்டு பக்கமும் சேர்த்து அரை வோல்ட்டுக்கு உள்ளயும் இருந்தா நிம்மதியா இருக்கலாம்.

இதெல்லாம் லைட்டு எப்பவுமே மங்கலா இருந்தாத்தான். சிக்னல்ல நிக்கும்போது மங்கி, ஆக்சிலேட்டர் மிதிச்சா பிரகாசமாகுதுன்னா அது வேற வியாதி, ஆல்டர்னேட்டர் பக்கம் பார்க்கணும். பேட்டரி ஒரு சின்டெக்ஸ் டேங்கு, ஆல்டர்னேட்டர்தான் மோட்டார், வண்டி ஓடும்போது எல்லாத்துக்கும் கரண்டு குடுக்கறது ஆல்டர்னேட்டர்தான். ஐடில்ல அது மெதுவாச் சுத்தும், மேல எழுதியிருக்கற ஆம்பியர் முழுசா வராது. ஹெட்லைட்டு பத்து, ஏசி புளோயர் முழுசா வெச்சா பத்துக்கு மேல, ரேடியேட்டர் ஃபேனு ஒரு பத்து, பின்கண்ணாடி ஹீட்டர் ஒண்ணு, இதுல ஆடி நோம்பிக்கு ஊரே கேக்கற மாதிரி சப்வூபர் வேற மாட்டியிருந்தா தாளத்துக்கு ஏத்த மாதிரி லைட்டும் ஆடும். கொஞ்சூண்டு மங்கறது சகஜம். எல்லாத்தையும் போட்டுட்டு பேட்டரி முனையில அளந்து பாருங்க, 13.5க்கு மேல நின்னா சரி, 12.5க்கு எறங்கி இன்னும் எறங்கிட்டே போனா சார்ஜ் ஆகல, டேங்குல இருக்கற தண்ணி தீர்ந்துட்டு இருக்குன்னு அர்த்தம். பெல்ட்டு லூசு, பிரஷ் தேஞ்சது, ரெகுலேட்டர், ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவுல ஒரு அழுகின லக்கு, இப்படி ஏதாவது ஒண்ணா இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது ஒரு நொடி லைட்டு மங்கறது தப்பே இல்ல, ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்குது, சாளையில மோட்டார் எடுக்கும்போது வீட்டு பல்பு மினுக்குதுல்ல, அதேதான். அப்ப பேட்டரி 9.6க்குக் கீழ போச்சுன்னாத்தான் பேட்டரிய சந்தேகப்படணும். அப்பவும் முனையில வெள்ளையும் பச்சையுமா பூத்திருந்தா மொதல்ல மைனஸக் கழட்டி, அப்புறம் பிளஸக் கழட்டி, சுடுதண்ணியில ஆப்பசோடா கரைச்சு ஊத்திக் கழுவிட்டு மறுபடி அளந்து பாருங்க.

மீட்டர எடுக்காமயே எர்த்து கெட்டதக் கண்டுபுடிக்க இன்னொரு குறி இருக்கு. இண்டிகேட்டர் போட்டா அதோட சேர்ந்து ஹெட்லைட்டும் மினுக்கறது, பிரேக் மிதிச்சா பார்க்கிங் லைட்டு லேசா எரியறது, இந்த மாதிரி சம்பந்தமே இல்லாத ரெண்டு லைட்டு பேசிக்கிட்டா, ரெண்டுக்கும் பொதுவான எர்த்து போயிருச்சு, கரண்டு திரும்பிப் போக வழி இல்லாம அடுத்தவன் பல்பு வழியா போயிட்டு இருக்கு. ஒரு பக்கம் மட்டும் மங்கல்னா அந்தப் பக்கத்து ஜாயிண்டு. பல்புல 13.5 இருந்தும் மங்கல்னா ஒயரிங்க விட்டுருங்க, வெளிக்கண்ணாடி மஞ்சளாயிருக்கும் இல்ல உள்ள ரிஃப்ளெக்டர் ரசம் போயிருக்கும். எல்ஈடி வந்த வண்டிகள்ல இந்த மங்கல் பெரும்பாலும் தெரியாது, உள்ள இருக்கற டிரைவர் சர்க்யூட்டு சமாளிச்சிரும், ஒரு அளவுக்கு மேல போனா மினுக்கும் இல்லைன்னா அணைஞ்சு போகும்.

அன்னிக்கு ராத்திரியே மாமன் டெஸ்ட் பண்ணணும்னு மறுபடி அதே காங்கேயம் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. கிளுவை வேலில முள்ளு முள்ளாத் தெரியுது. அவருக்கு ஒரே குஷி. ஆனா எதுக்க வர்றவன் ஒருத்தன் விடாம எல்லாரும் டிம் அடி டிம் அடின்னு லைட்ட அடிக்கறாங்க, நாம டிம்முலதான் வர்றோம். அப்புறந்தான் வெளங்குச்சு, இத்தன நாளா வெளிச்சம் பத்தலைன்னு மாமன் ஹெட்லைட்டு ஸ்குரூவத் திருகி மேல தூக்கி விட்டிருக்காரு. அடுத்த நாள் சாளைச் செவுத்துக்கு நேரா வண்டிய நிறுத்தி, ரெண்டு ஸ்குரூவையும் மறுபடி எறக்கி விட்டோம்.